ஒரே பேர், ஒரே வயசு

பையை மடியில வச்சுக்க வேணாம், கீழ வை. என் கால் படாது, நான் ஒடுக்கிக்கறேன். கும்பகோணம் வரைக்கும்தான் நான். நீ எங்க? திருச்சி போய், அங்கேர்ந்து பெங்களூரா? தனியாவா போற? வேலைக்கா? நல்லது, நல்லது. என்ன வேலை?

இன்னொரு தடவை சொல்லு. செல்போன்ல, கம்ப்யூட்டர்ல, எந்தப் பட்டன் எங்க இருந்தா ஜனங்களுக்கு வசதின்னு பார்த்து வரையற வேலை. அதுக்குக் காலேஜ்ல நாலு வருஷப் படிப்பு. திங்கக்கிழமை சேரணும்.

சரிதான்.

ஒண்ணுமில்ல, வேற சீட் காலி இருக்கான்னு பார்த்தேன். பஸ்ஸு சீர்காழியிலயே ரொம்பிடுச்சு, பின்னாடி நிக்கறாங்க. உன் மேல கோவம் இல்லம்மா. பொய் எதுக்கு, இருக்கு. உன் மேலன்னு இல்ல, உங்க கூட்டத்து மேல. உன்னை மாதிரியே ஒருத்தி, இதே மாதிரி பை, இதே மாதிரி கழுத்துல பாட்டு கேக்கற ஒயர். அவ பேரு மோனிஷா. திண்டுக்கல்காரி. இந்த நாலு மாசத்துல என்னை அவ படுத்தின பாடு இருக்கே. கேக்கறியா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். கும்பகோணம் வர இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்கு.

என் பேரு மங்கையர்க்கரசி. கும்பகோணத்துல ரத்தப் பரிசோதனை லேப்ல பதிவு மேசை எனக்கு. பத்தொம்பது வருஷம். காலையில ஆறரைக்குக் கதவைத் திறந்தா வெறும் வயித்தோட நாப்பது பேர் நிப்பாங்க. அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும். பேர், வயசு, எந்த டாக்டர், என்ன டெஸ்ட், எல்லாம் அடிச்சு, உக்கார வச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, லேபிள் எடுத்து ட்யூப்ல ஒட்டி, ரத்தம் எடுக்கற ரூமுக்கு அனுப்பணும். பதியறதுக்கு ஒரு ஆளுக்கு நாப்பது செகண்ட். கடிகாரம் வச்சுப் பார்க்கலாம், நாப்பதைத் தாண்டாது.

அப்ப இருந்தது பழைய சாஃப்ட்வேர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுசே கிடையாது. எஃப் ஏழு அடிச்சா சர்க்கரை, எஃப் ஒம்போது தைராய்டு, மத்ததுக்கெல்லாம் கோடு நம்பர். முந்நூத்திச் சொச்சம் கோடு. அத்தனையும் என் தலையில இருந்துச்சு. புத்தகம் கிடையாது, சீட்டு கிடையாது. நான் ஒரு நாள் வரலைன்னா லேப் நொண்டும். அதனாலயே நான் லீவு போட்டதில்ல. என் தம்பி கல்யாணத்துக்குக்கூட தாலி கட்டினதைப் பார்த்துட்டு நேரா மேசைக்கு வந்துட்டேன்.

இது எங்க சாருக்குத் தெரியும். நடனசபாபதி சார், லேப் முதலாளி. தெரிஞ்சும், இந்த வருஷம் புது சாஃப்ட்வேர் வாங்கப் போறேன்னு சென்னை கம்பெனிக்காரன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டார். வேலையைப் பார்த்துட்டுப் போக ஆள் அனுப்பறோம்னு அவங்க சொன்னாங்களாம். நான் நரைச்ச தலையோட யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். ஜூன் மாசம் முதல் வாரம், இந்தப் பொண்ணு வந்து நிக்கறா. வேலையில சேந்து பதினேழு நாள் ஆச்சாம். அதையும் அவளே சொல்றா, சிரிச்சுக்கிட்டே.

மேசையில நாலு கலர்ல ஒட்டற சீட்டை எடுத்து வச்சா. நோட்டைத் திறந்தா. "மேடம், உங்க ஒரு நாள் எப்படி ஆரம்பிக்கும்? ஒரு கதை மாதிரி சொல்லுங்களேன்"ன்னா.

எதிர்ல வெறும் வயித்தோட இருபது பேர். ஒரு சர்க்கரைக்கார மனுஷன் கை நடுங்கிட்டு நிக்கறார். இவளுக்குக் கதை வேணும்! "காப்பி குடிச்சு ஆரம்பிக்கும்"னேன். அதையும் எழுதிக்கிட்டாம்மா. மஞ்சள் சீட்டுல எழுதி ஒட்டிக்கிட்டா.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து காட்டினா. காலேஜ்ல ஒரு ப்ராஜெக்ட் செஞ்சாளாம், ஆஸ்பத்திரிக்காக. அதுக்கு முதல் பரிசாம். அதுல ஒரு பொம்பளை போட்டோ. கீழ எழுதியிருக்கு: 'லட்சுமி, வயது 45, பதிவு ஊழியர். தொழில்நுட்பம் என்றால் பயம். எளிமையை விரும்புவார்.'

"யாரு இது? உங்க சொந்தமா?"ன்னேன்.

"இல்ல மேடம். கற்பனைதான். இந்த மாதிரி ஒருத்தர் இருந்தா அவங்களுக்கு எது வசதின்னு யோசிக்கறதுக்காக உருவாக்கறது. காலேஜ்ல எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் செய்வோம்."

"இந்த லட்சுமிக்குப் பயம்னு உனக்கு யார் சொன்னா?"

அவ அந்த போட்டோவையே பார்த்தா.

"அந்த ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை பதிவு மேசையில போய் உக்காந்த?"

"ரெண்டு பேர்கிட்ட போன்ல பேசினோம் மேடம்"ன்னா. அப்புறம், "ஒருத்தர் என் ஃப்ரெண்டோட அம்மா"ன்னா.

நான் சத்தமாச் சிரிச்சேன். ரத்தம் எடுக்கற ரூம்லேர்ந்து வனஜா எட்டிப் பார்த்தா, அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன். "வனஜா, இங்க வா, லட்சுமியைப் பாரு, நம்ம மேசைக்கு வந்திருக்கா!" அவளும் சிரிச்சா. அந்தப் பொண்ணு லேப்டாப்பை மூடிடுச்சு. காது ரெண்டும் சிவந்துபோச்சு. முதல் பரிசு வாங்கினவ இல்ல, கொஞ்சம் இறங்கட்டும்னு எனக்கு. நீ மூஞ்சியைச் சுளிக்காத. உன் லேப்டாப்லயும் ஒரு லட்சுமி இருப்பா. இருக்காளா இல்லையா? பார்த்தியா.

ரெண்டு வாரம் கழிச்சு வரைஞ்சு, கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரியே செஞ்சு எடுத்துட்டு வந்தா. வெளிர் நீலம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு படம். கிட்னிக்குக் கிட்னி படம், தைராய்டுக்குப் பட்டாம்பூச்சி. ஒரு பக்கத்துல பேர், அடுத்த பக்கத்துல வயசு, அதுக்கடுத்த பக்கத்துல டாக்டர். ஒரு ஆளைப் பதிய ஏழு பக்கம். சார் பார்த்துட்டு, "அழகா இருக்கேம்மா"ன்னார். நான் சொன்னேன், "சார், அழகு இருக்கட்டும். திங்கக்கிழமை காலைல நிஜக் கூட்டத்துல ஓட்டிப் பார்ப்போம். நான் உக்காரல. வரைஞ்சவங்களே உக்காரட்டும்." சார் சரின்னுட்டார். அவளும் தைரியமாத் தலையாட்டினா. என்ன வரப்போகுதுன்னு அவளுக்கு என்ன தெரியும்?

திங்கக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அந்த நாளைச் சொன்னேன்.

ஆறரைக்கு உக்காந்தா. ஏழு மணிக்கு வரிசை வாசல் தாண்டி டீக்கடை வரைக்கும் போயிடுச்சு. ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம். தப்பா ஒரு பக்கம் போனா திரும்பி வரத் தெரியல, அவ வரைஞ்சதுலயே! ஜனங்க கத்த ஆரம்பிச்சாங்க. ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, குளுக்கோஸ் குடிச்சுட்டுச் சரியா நேரம் பார்த்து ரெண்டாவது தடவை ரத்தம் குடுக்கணும். அந்த நேரம் தாண்டிப் போச்சு. அந்தப் பொண்ணு அங்கேயே வாந்தி எடுத்துடுச்சு. நாளைக்கு மறுபடி வெறும் வயித்தோட வரணும். அவ புருஷன் மோனிஷாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான், உன்கிட்ட சொல்ல முடியாது.

நான் நெனச்சிருந்தா பக்கத்து கம்ப்யூட்டர்ல உக்காந்து கால் மணி நேரத்துல கூட்டத்தைக் கலைச்சிருப்பேன். கையைக் கட்டிக்கிட்டு சுவரோரமா நின்னேன். வனஜா வந்து, "அக்கா, பாவம்க்கா, நீங்க உக்காருங்க"ன்னா. "சார் சொல்லட்டும்"னேன். சார் எட்டரைக்குத்தான் வருவார். அது வனஜாவுக்கும் தெரியும்.

பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் நான் போய்த் தண்ணி குடுத்தேன். என்னை ஏதோ ராட்சசின்னு நெனச்சுக்காத.

அப்புறம் மோனிஷா பாத்ரூம்ல நின்னு அழுதுக்கிட்டே போன் பேசினா. அந்தப் பக்கம் அவ கம்பெனி மேலதிகாரி, ப்ரவீன்னு பேரு. அவன் கத்தினது கதவுக்கு வெளிய கேட்டுச்சு. "இது உன் காலேஜ் இல்ல, மார்க் போட்டு அனுப்ப" அப்படீன்னான். எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு. பிடிச்சுப் போச்சுன்னே வச்சுக்கயேன், அந்தாளை.

தொலைஞ்சுதுன்னு நெனச்சேன். பத்து நாள்ல திரும்பி வந்துட்டாம்மா!

இந்தத் தடவை லேப்டாப் இல்ல. ஒட்டற சீட்டு இல்ல. ஒரு நோட்டு, ஒரு பென்சில். பக்கத்துல ஒரு லாட்ஜுல தங்கிக்கிட்டு, காலைல ஆறேகாலுக்கே வந்து நிப்பா. எனக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவா. ஒரு கேள்வி கேக்க மாட்டா. பார்த்துக்கிட்டே இருப்பா. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஒம்போது நாள். பிடரியில யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும் எனக்கு. நான் எந்த விரல்ல எந்தக் கட்டையை அடிக்கறேன், எப்ப நிமிந்து ஆளைப் பார்க்கறேன், எப்ப பார்க்காம அடிக்கறேன், எல்லாம் எழுதறா. போலீஸ்காரன் பின்னாடியே வந்தா எப்படி இருக்கும், அப்படி. வேணும்னே ரெண்டு நாள் மெதுவா அடிச்சுப் பார்த்தேன். "மேடம், இன்னிக்கு நீங்க எப்பவும் மாதிரி இல்ல, உடம்பு சரியில்லையா"ன்னா. என்ன சொல்ல?

மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட்டம் இருக்காது. அப்ப தாள்ல பென்சிலால திரை மாதிரி கட்டம் வரைஞ்சு என் முன்னாடி வைப்பா. "இது கம்ப்யூட்டர்னு வச்சுக்கங்க மேடம். எங்க தொடுவீங்க?" சின்னப் பசங்க சொப்பு வச்சு விளையாடற மாதிரி. நான் முத்திரை போடற ஸ்டாம்ப் பேட் மை விரல்ல இருக்கும், அதோட தொடுவேன். தாளெல்லாம் என் ஊதா ரேகை. தொட்ட இடத்துல எதிர்பார்த்தது வரலைன்னா, அவ வாதாட மாட்டா. அழிச்சுட்டு வேற வரைவா. முதல்ல வந்தப்ப எதுக்கெடுத்தாலும், 'இது ஏன் இப்படின்னா மேடம்'னு விளக்கம் சொன்னவ. இப்ப அழிக்கற ரப்பரைத்தான் கையில வச்சிருந்தா. ஏழு பக்கம் ஒரு பக்கம் ஆச்சு. என் கோடு நம்பரையெல்லாம் அப்படியே விட்டுட்டா, அடிச்சாலும் வரும், பேரைத் தேடினாலும் வரும். நான் பாராட்டலம்மா. நடந்ததைச் சொல்றேன்.

அப்பத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டா.

"மேடம், சில பதிவுச் சீட்டுல மட்டும் ஓரத்துல பேனாவால ஒரு புள்ளி வைக்கறீங்க. ட்யூப் லேபிள்லயும் வைக்கறீங்க. அது எதுக்கு?"

"சும்மா. கைப் பழக்கம்"னேன்.

அதையும் எழுதிக்கிட்டா.

சொல்லிடறேன் உனக்கு. ஒரே நாள்ல ஒரே பேர், ஒரே வயசுல ரெண்டு பேர் வந்தா, ரெண்டாவதா வந்தவங்களுக்கு நான் புள்ளி வைப்பேன். கூப்பிடறப்ப போன் நம்பரும் கேப்பேன். அந்தக் கறுப்புத் திரையில பேரும் வயசும் மட்டும்தான் தெரியும். ரெண்டு வரியும் ஒண்ணு போலவே இருக்கும். எந்த வரியில எண்டர் தட்டறோமோ அந்த லேபிள் வரும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஐப்பசி மாசம், ரெண்டு செல்வி வந்தாங்க. ரெண்டு பேருக்கும் முப்பத்தெட்டு. ஒருத்திக்குச் சர்க்கரை முந்நூத்தி நாப்பது, ஒருத்திக்கு ஒண்ணுமே இல்ல. ரிப்போர்ட் மாறிப் போச்சு. ஒண்ணும் இல்லாதவ சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு, மூணாம் நாள் பெரிய கடைத்தெருவுல மயங்கி விழுந்தா. பிழைச்சுட்டா. ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தா. அவ அண்ணன் தம்பிங்க வந்து லேப் கண்ணாடியை உடைச்சுட்டாங்க. அப்ப ரத்தம் எடுத்து மெஷின்ல வச்சது சம்பந்தம்னு ஒரு டெக்னீஷியன். சீர்காழிப் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும், வாயே திறக்க மாட்டான். ட்யூபை மாத்தி வச்சது அவன்தான்னு சார் முடிவு பண்ணி அனுப்பிட்டார். யார் தப்புன்னு யாருக்குத் தெரியும்? என்னை யாரும் கேக்கல. கேக்காததுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?

நீ என்ன அப்படிப் பார்க்கற? ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குதுன்னா திரையை இழுத்துவிடு.

ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம், யாரும் இல்ல. மோனிஷா வந்து பக்கத்துல உக்காந்தா. சார்கிட்ட கேட்டுட்டு பீரோவுல இருந்த பழைய சீட்டுக் கட்டையெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கா. எந்தச் சீட்டுல புள்ளி இருக்குன்னு. ஒரே பேர் வர்ற நாள்லதான் புள்ளி இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா. அதோட விட்டாளா? புள்ளி என்னிக்கு ஆரம்பிச்சுதுன்னு பின்னாடியே போயிருக்கா. அந்த ஐப்பசி மாசம் வரைக்கும் போய், பழைய கம்ப்யூட்டர்ல லேபிள் அடிச்ச நேரத்தையும் எடுத்துட்டா.

"மேடம், அன்னிக்குப் பின்னாடி வந்த செல்வியோட லேபிள் முன்னாடி அடிச்சிருக்கு. முதல்ல வந்தவங்க ட்யூப்ல அதுதான் ஒட்டியிருக்கணும்"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. "அந்தத் திரையில யார் உக்காந்திருந்தாலும் இது நடந்திருக்கும் மேடம். ரெண்டு வரியும் ஒண்ணாத்தான் தெரியும். தப்பு உங்க மேல இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மூணு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாததை, வேலையில சேந்து ரெண்டு மாசம் ஆகாத ஒருத்தி, பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு வந்து என்கிட்டயே சொல்றா. தப்பு என் மேல இல்லன்னு தீர்ப்பு சொல்ல இவ யாரு? ஜட்ஜா?

"எந்திரிச்சுப் போ"ன்னேன். போயிட்டா.

ஜூலை கடைசியில சார் ரூம்ல கூட்டம். புதுத் திரையைக் காட்டினா. ஒரே பக்கம். சார், வனஜா, நான், போன்ல அந்த ப்ரவீன். எல்லாம் காட்டிட்டு, கடைசியில ஒண்ணு காட்டினா. ஒரே பேர், ஒரே வயசுல ரெண்டாவது ஆளைப் பதிஞ்சா, திரை நின்னுடும். சிவப்புக் கட்டத்துல ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல காட்டும், போன் நம்பரோட, அப்பா பேரோ புருஷன் பேரோ அதோட. எந்த ஆள்னு தேர்ந்தெடுக்காம லேபிள் வராது.

சார் அசந்துட்டார். "இது எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

"எனக்குத் தோணல சார். மங்கை மேடம் செய்யறதுதான். மூணு வருஷமா பேனாவால புள்ளி வச்சுத் தடுத்துக்கிட்டு வர்றாங்க. நான் அதைத் திரைக்கு மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்."

சார் என்னைப் பார்த்தார். "மூணு வருஷமாவா? எந்த மாசத்துலேர்ந்து?"

அவ நோட்டுல தேதி இருக்கு. சிவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்கா, நானே பார்த்தேன். நிமிந்து சாரைப் பார்த்து, "தேதி நான் கவனிக்கல சார்"ன்னா.

புரியுதா? பொய் சொன்னா. வேலைன்னு வந்த இடத்துல, முதலாளி கேக்கறப்ப, கூசாமப் பொய் சொன்னா. அப்படிப்பட்டவளை எப்படி நம்பறது? இன்னிக்கு எனக்காகச் சொல்றவ, நாளைக்கு வேற யாருக்காகவாவது நிஜத்தைச் சொல்ல மாட்டாளா? எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

மறுநாள் ப்ரவீனுக்குப் போன் பண்ணினேன். ஒரே ஒரு போன்தான். "உங்க பொண்ணு எங்க நோயாளிங்களோட பழைய ரிப்போர்ட்டையெல்லாம் அனுமதி இல்லாம எடுத்துப் பார்க்கறா. வெளிய தெரிஞ்சா எங்க லேப் பேரும் போகும், உங்க கம்பெனி பேரும் போகும்"னேன். அவன் பதறிட்டான். சார் அனுமதி குடுத்தார்தான். ஆனா வாயால குடுத்தார். எழுத்துல எதுவும் இல்லையே. நான் சொன்னதுல எது பொய்? நீயே சொல்லு.

அவ இன்னும் நிரந்தரம் ஆகல. ஆறு மாசம் பார்ப்பாங்களாம். நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வனஜாதான் வந்து சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா. "எனக்கென்ன தெரியும்"னேன்.

திரையை மட்டும் வீட்டுக்கு அனுப்பலியே அந்த ப்ரவீன். அதை நல்லா முடிச்சு, அவ பேர் இல்லாம, ஆகஸ்ட் மாசம் கொண்டுவந்து மாட்டிட்டான். இப்ப அதுலதான் அடிக்கறேன். இருபத்திரெண்டு செகண்ட். வனஜா உக்காந்தாலும் முப்பதுல முடிக்கறா. போன வாரம் சார், "மங்கை, நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன்"ன்னார். பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை. எவ்வளவு சாதாரணமா சொல்றார் பாரு! நான் இல்லாட்டியும் ஓடும்னு அர்த்தம் அதுக்கு.

லீவுக்கு முன்னாடி நாள் ரெண்டு கவிதா வந்தாங்க. ரெண்டு பேருக்கும் இருபத்தாறு. சிவப்புக் கட்டம் வந்து நின்னுச்சு. சார் என் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தார். ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். "அன்னிக்கு இது இருந்திருந்தா சம்பந்தம் போயிருக்க மாட்டான், இல்ல?"ன்னார். நான் லேபிளை ஒட்டிக்கிட்டிருந்தேன். "அவன் வந்தா எடுத்துக்கறேன். லீவுதானே, நீங்களே போய்க் கூப்பிட்டுட்டு வாங்க"ன்னார். வேற ஆள் கிடைக்கலியா அவருக்கு? போன் இல்லையா? அவரே போகக் கூடாதா? அதான் இன்னிக்குச் சீர்காழி. போயிட்டு வர்றேன்.

சம்பந்தம் ஊருக்கு வெளிய ஒரு கட்டடத்துல சின்னதா வச்சிருக்கான். வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துட்டு வந்து மாயவரம் லேபுக்கு அனுப்பறது. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா"ன்னு எந்திரிச்சு நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். அவன் பொண்டாட்டி இட்லி வச்சா. மறுக்க முடியல. அவன் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் பதிலுக்கு ரெண்டு கேட்டிருப்பேன்.

சார் கூப்பிடறார்னு சொன்னேன். புது சாஃப்ட்வேர் வந்திருக்கு, இனிமே அந்த மாதிரி ஆகாதுன்னேன். "தெரியும்க்கா. மோனிஷா சொல்லுச்சு"ன்னான்.

கையில இருந்த இட்லியைத் தட்டுல திருப்பி வச்சுட்டேன்.

வேலை போன மறு வாரம் அவ சம்பந்தத்தைத் தேடி வந்திருக்கா. வனஜாகிட்ட விலாசம் வாங்கிக்கிட்டு, திண்டுக்கல்லேர்ந்து, சொந்தக் காசுல பஸ் ஏறி. வேலையே இல்லாதவளுக்கு எங்க லேப் லேபிள்ல என்ன அக்கறை? "பதிவு மேசைப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன் அண்ணா. லேபிள் உங்க கைக்கு வர்றப்ப எப்படி இருக்கும்னு பார்க்காமலே வரைஞ்சுட்டேன்"னாளாம். ஒரு நாள் பூரா அவன் பைக்குல பின்னாடி உக்காந்து வீடு வீடாப் போயிருக்கா. ஐஸ் பெட்டியில வச்ச ட்யூப்ல லேபிளோட சின்ன எழுத்து நனைஞ்சு மங்கிப் போகுது, கறுப்புல பெருசா வேணும்னு எழுதிக்கிட்டுப் போயிருக்கா. அதை ப்ரவீனுக்கும் அனுப்பினாளாம். அவன் மாத்தியும் இருக்கான். நான் தினமும் ஒட்டற லேபிள் எழுத்து ஏன் திடீர்னு பெருசாச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது!

இப்போ அவளுக்குக் கோயம்புத்தூர்ல வேலையாம். இன்டர்வியூவுல முதல் பரிசு ப்ராஜெக்ட்டைக் காட்டவே இல்லையாம். பென்சில் தாளைத்தான் விரிச்சு வச்சாளாம். "அந்த ஊதா ரேகை யாருதுன்னு கேட்டாங்களாம்க்கா. எனக்கு வேலை கத்துக் குடுத்தவங்களோடதுன்னு சொல்லுச்சாம்." சம்பந்தம் சந்தோஷமா சொல்றான். என் விரலைக் காட்டி வேலை வாங்கியிருக்கா, என்னை ஒரு வார்த்தை கேக்காம. நான் எங்க கத்துக் குடுத்தேன்? நான் அவளை விரட்டினேன்!

சார்கிட்ட வர முடியாதுன்னுட்டான். இங்கயே பழகிட்டேன்க்கான்னான். என்னைப் பஸ் ஏத்திவிட ஸ்டாண்டு வரைக்கும் பைக்குல கூட்டிட்டு வந்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கறப்ப, மண்ணைப் பார்த்துக்கிட்டே கேட்டான். "அக்கா, லேபிள் மாறினது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தெரியும்மா. உன்கிட்ட என்ன, நீ பெங்களூர் போறவ. கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கே தெரியும். சாயங்காலம் எல்லாரும் போனதும் லேபிள் நேரத்தை எடுத்துப் பார்த்தேன். மறுநாள்லேர்ந்துதான் புள்ளி.

"தெரியாது சம்பந்தம்"னேன்.

அவன் தலையை ஆட்டினான். மூஞ்சியே லேசாயிடுச்சு அவனுக்கு. "மோனிஷாவும் அதைத்தான்க்கா சொல்லுச்சு. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது அண்ணா, நானே இப்பத்தான் கண்டுபிடிச்சேன்னு அடிச்சுச் சொல்லுச்சு"ன்னான்.

நோட்டுல தேதியை எழுதி வச்சிருக்கறவ. நான்தான் வேலையிலேர்ந்து எடுக்க வச்சேன்னு தெரிஞ்சவ, வனஜா அதைச் சொல்லாம இருந்திருக்க மாட்டா. அவ எதுக்கும்மா எனக்காக அவன்கிட்ட பொய் சொல்லணும்? யார் கேட்டா அவளை? அவ மட்டும் நிஜத்தைச் சொல்லியிருந்தா, இவன் அங்கேயே நாலு பேர் முன்னாடி என்னைக் கேட்டிருப்பான், நானும் ஆமாடா, அதுக்கென்ன இப்போன்னு சொல்லித் தொலைச்சிருப்பேன். இப்போ அவன் நிம்மதியா பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாளைக்கு ஆறரைக்கு நான் போய் அவ வரைஞ்ச திரைக்கு முன்னாடி உக்காரணும். சார் வந்து, என்ன சொன்னான்னு கேப்பார்.

ஆடுதுறை தாண்டிட்டோமா? நீ ஒண்ணும் சொல்லாத. ஆறுதலும் வேணாம், உங்க கூட்டத்து ஆறுதலெல்லாம் எனக்குப் போதும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற.